சுண்ணாம்பு நீற்றும்போது கொதிப்பது ஏன்? என்தால்பிக் கணக்குக்கு ஒரு முதல் வழிகாட்டி

சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் சீறிக்கொண்டு கொதிக்க ஆரம்பிக்கும். அடியில் நெருப்பு கிடையாது. பழைய சுண்ணாம்பு வீடுகளைப் புதுப்பிக்கும் இடங்களில் இதை இன்றும் பார்க்கலாம். அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, சுண்ணாம்பைத் தொடாமலேயே அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? வெப்ப வேதியியல் பதில் சொல்வது இந்தக் கேள்விகளுக்குத்தான்.

பதினொன்றாம் வகுப்பில் இந்தப் பாடத்துக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் சூத்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். பிளஸ் வருமா மைனஸ் வருமா என்ற குழப்பமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், முதலில் ஒரு கோப்பையில் ஒரு வெப்ப மாற்றத்தைக் கையால் அளந்துவிட வேண்டும். சூத்திரம் அப்புறம் வரட்டும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது: யூரியாவை வைத்து ஓர் அளவீடு, பிறகு சுண்ணாம்பை வைத்துக் கணக்கு.

தொடங்கும் முன் இரண்டு சொற்கள்

வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரு குடம் வெந்நீரும் ஒரே 60 டிகிரியில் இருக்கலாம். ஆனால் குடத்து நீரை அந்த நிலைக்குக் கொண்டுவர எரித்த விறகு பல மடங்கு. தெர்மாமீட்டர் காட்டுவது வெப்பநிலையை மட்டும். அதிலிருந்து வெப்பத்துக்குப் போக, எத்தனை கிராம் சூடானது, அந்தப் பொருள் எவ்வளவு எளிதில் சூடாகும் என்ற இரண்டும் தெரிய வேண்டும். 1 கிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.18 ஜூல் தேவை. இதுதான் நீரின் தன்வெப்பம். இந்த எண் கட்டுரை முழுக்க வரும்.

சரி, என்தால்பி என்றால் என்ன? திறந்த பாத்திரத்தில், அதாவது காற்றழுத்தம் மாறாத நிலையில், ஒரு வினை நடக்கும்போது அது வெளியே விடும் அல்லது உள்ளே இழுக்கும் வெப்பம்தான் என்தால்பி மாற்றம். புத்தகங்களில் டெல்டா ஹெச் என்று இருக்கும். இலங்கைப் பாடநூல்களில் வெப்பவுள்ளுறை மாற்றம் என்று படித்திருப்பீர்கள். ஒரு பொருளிடம் மொத்தம் எவ்வளவு என்தால்பி இருக்கிறது என்று அளக்க வழியில்லை. மாற்றத்தை மட்டுமே அளக்கிறோம், நமக்குத் தேவையும் அதுதான்.

படி 1: கோப்பையில் ஒரு சோதனை

யூரியாவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. உரக்கடையில் கிடைக்கும், அமிலம் காரம் போலக் கையைச் சுடாது, வெப்பநிலை மாற்றமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். கடையில் கிடைப்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியாவாக இருந்தாலும் இந்தச் சோதனைக்குப் போதும்.

வேண்டியவை: ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு தெர்மாக்கோல் கப், மூடியாக ஓட்டை போட்ட ஓர் அட்டை, சமையலறைத் தராசு, பிளாஸ்டிக் ஸ்பூன், 0.1 டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது, அது உடல் வெப்பநிலையை ஒட்டிய சிறு வரம்பில் மட்டுமே வேலை செய்யும். எவர்சில்வர் டம்ளரும் ஆகாது. உலோகம் அறையின் வெப்பத்தை உள்ளே கடத்திவிடும்.

தண்ணீரையும் யூரியாவையும் ஒரு மணி நேரமாவது ஒரே அறையில் வைத்திருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். குருணைகளை ஸ்பூனால் நசுக்கி 10 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். கப்பில் 100 கிராம் தண்ணீர் ஊற்றி, மூன்று நிமிடம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு யூரியாவை ஒரே வீச்சில் போட்டு, மூடி, விடாமல் கலக்குங்கள். அப்போதும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பு, இன்னும் ஐந்து நிமிடத்துக்கு. சோதனை முடிந்த கப்பும் ஸ்பூனும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

எண்கள் ஏறத்தாழ இப்படி அமையும். தொடக்கத்தில் 29.6 டிகிரி. யூரியா போட்டதும் மடமடவென இறங்கி, ஒரு நிமிடம் போல ஆனதும் 24.3 வரை வரும். அதன் பிறகு மெல்ல ஏறத் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் 24.9-ஐத் தொடும்.

அந்த மெல்லிய ஏற்றத்தைக் கவனியுங்கள். கரைசல் அறையைவிடக் குளிர்ந்துவிட்டது, ஆகவே அறையிலிருந்து வெப்பம் உள்ளே கசிகிறது. இந்தக் கசிவு கடைசியில் மட்டும் நடப்பதில்லை. யூரியா கரைந்துகொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்திலும் நடந்திருக்கிறது. எனவே 24.3 என்பது உண்மையான அடிமட்டம் அல்ல. கிராஃப் தாளில் புள்ளிகளை வையுங்கள். ஏறிக்கொண்டு போகும் கடைசிப் பகுதியின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, யூரியாவைப் போட்ட நொடி வரை பின்னோக்கி நீட்டுங்கள். கோடு 24.1 அருகே வந்து முட்டும். கசிவே இல்லாதிருந்தால் தெர்மாமீட்டர் காட்டியிருக்க வேண்டிய எண் இதுதான். ஆகவே வீழ்ச்சி 5.5 டிகிரி.

பள்ளி ஆய்வகங்களில் நேரம் இல்லை என்று இந்தக் கோட்டை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. விடக் கூடாது. சோதனையில் கற்க வேண்டிய பாதி விஷயம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

படி 2: வெப்பத்தைக் கணக்கிடுதல்

குளிர்ந்தது தண்ணீர் மட்டும் அல்ல, கரைசல் முழுவதும். எனவே நிறை 110 கிராம்.

வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்
= 110 × 4.18 × 5.5
= 2,529 ஜூல், அதாவது சுமார் 2.53 கிலோஜூல்

இது 10 கிராமுக்கு. வேறொருவர் 20 கிராம் போட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். ஒப்பிட வேண்டுமானால் மோல் கணக்குக்கு மாற்ற வேண்டும். மோல் என்பது மூலக்கூறு போன்ற துகள்களை எண்ணும் அலகு, 1 மோலின் நிறைதான் மோலார் நிறை. யூரியாவின் மோலார் நிறை 60 கிராம், ஆகவே 10 கிராம் என்பது 0.167 மோல். 2.53-ஐ 0.167 ஆல் வகுத்தால் மோலுக்கு 15.1 கிலோஜூல். அட்டவணைகளில் இருக்கும் மதிப்பும் 15-ஐ ஒட்டியே இருக்கிறது. கிராஃப் கோடு போடாமல் 24.3-ஐயே எடுத்திருந்தால் 14.6 தான் வந்திருக்கும்.

இந்த நெருக்கத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. யூரியாக் கரைசலின் தன்வெப்பம் நீரைவிடச் சற்றுக் குறைவு. கப்பும் கொஞ்சம் வெப்பம் கொடுத்திருக்கும், அதை நாம் சேர்க்கவில்லை. ஒரு பிழை எண்ணை உயர்த்துகிறது, மற்றொன்று தாழ்த்துகிறது. தெர்மாக்கோல் கப்பில் 10 சதவீதத்துக்குள் வந்தாலே நல்ல வேலை.

படி 3: பிளஸ்ஸா மைனஸா

கரைசல் குளிர்ந்தது. அப்படியானால் குறி மைனஸ் என்று எழுதத் தோன்றும். விடை பிளஸ்.

நாம் யாருடைய கணக்கை எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி. யூரியா கரைவது என்ற மாற்றம்தான் இங்கே அமைப்பு. தண்ணீர், கப், தெர்மாமீட்டர், அறை எல்லாம் சூழல். தெர்மாமீட்டர் காட்டுவது சூழலின் நிலையை. சூழல் வெப்பத்தை இழந்தது என்றால் அதை அமைப்பு எடுத்துக்கொண்டது. எடுத்தவருடைய கணக்கில் அது வரவு, ஆகவே பிளஸ் 15.1 கிலோஜூல். இது வெப்பம் கொள் வினை. தெர்மாமீட்டர் ஏறினால் எதிர்மாறாக நடந்திருக்கிறது. அமைப்பு வெப்பத்தைக் கொடுத்துவிட்டது, மைனஸ், வெப்பம் உமிழ் வினை.

யூரியா குளிர்ச்சியை வெளியே விடுகிறது என்று சிலர் விளக்குவார்கள். குளிர்ச்சி என்று ஒன்று எங்கும் போவதில்லை. கப்பைப் பிடித்திருக்கும் உங்கள் கையிலிருந்து வெப்பம் உள்ளே போகிறது, அதைத்தான் சில்லென்று உணர்கிறீர்கள்.

படி 4: அளக்காமலேயே கணக்குப் போடுதல்

இப்போது சுண்ணாம்புக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பை வீட்டில் நீற்றிப் பார்க்க வேண்டாம். கொதிக்கும் சுண்ணாம்புச் சேறு தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இங்கே தேவையும் இல்லை, அட்டவணை இருக்கிறது.

எந்தச் சேர்மமானாலும் 1 மோல் அளவில் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் என்தால்பி மாற்றத்தை அளந்து, 25 டிகிரி செல்சியஸுக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். இதுதான் திட்ட உருவாதல் என்தால்பி. தனிமங்களுக்கு, அவற்றின் இயல்பு நிலையில், பூஜ்யம். நமக்கு வேண்டியவை ஐந்து, எல்லாம் மோலுக்குக் கிலோஜூலில்:

கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல்): −1206.9
கால்சியம் ஆக்சைடு (சுட்ட சுண்ணாம்பு): −635.1
கால்சியம் ஹைட்ராக்சைடு (நீற்றிய சுண்ணாம்பு): −986.1
கார்பன் டை ஆக்சைடு வாயு: −393.5
நீர், திரவ நிலை: −285.8

விதி ஒன்றே ஒன்றுதான்: வினைவிளை பொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடு பொருள்களின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். சமன்பாட்டில் ஒரு பொருளுக்கு முன்னால் 2 இருந்தால் அதன் மதிப்பையும் 2 ஆல் பெருக்க வேண்டும்.

நீற்றுதல்: சுட்ட சுண்ணாம்பு + நீர் → நீற்றிய சுண்ணாம்பு
= (−986.1) − (−635.1 − 285.8)
= −65.2 கிலோஜூல்

மைனஸ், ஆகவே வெப்பம் வெளியே வருகிறது. ஆனால் 65 கிலோஜூல் என்பது பெரிதா சிறிதா? கிலோ கணக்குக்கு மாற்றினால் புரியும். கால்சியம் ஆக்சைடு 1 மோல் என்பது 56 கிராம், ஆகவே 1 கிலோவில் ஏறத்தாழ 17.8 மோல் இருக்கிறது. அது விடும் வெப்பம் சுமார் 1,160 கிலோஜூல். 1 கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 293 கிலோஜூல் போதும். அதாவது 1 கிலோ சுத்தமான சுட்ட சுண்ணாம்பு கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பத்தை வைத்திருக்கிறது. தொட்டியில் தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தால் மிஞ்சும் வெப்பம் நீரை ஆவியாக்கும். அந்தச் சீறலும் புகை போல எழும் ஆவியும் இதுதான்.

படி 5: சூளையிலிருந்து சுவர் வரை

இந்த வெப்பம் சுண்ணாம்புக்குள் எப்படி வந்து சேர்ந்தது? சூளையில் ஏற்றப்பட்டது. கணக்கைப் பாருங்கள்.

சூளை: கால்சியம் கார்பனேட் → சுட்ட சுண்ணாம்பு + கார்பன் டை ஆக்சைடு
= (−635.1 − 393.5) − (−1206.9)
= +178.3 கிலோஜூல்

கிளிஞ்சலையோ கல்லையோ 900 டிகிரி வாக்கில் வைத்துச் சுடுவது இந்த 178 கிலோஜூலை உள்ளே தள்ளுவதற்காகத்தான். 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு இது ஏறத்தாழ 3,180 கிலோஜூல். 1 கிராம் கரி முழுதாக எரிந்தால் சுமார் 32.8 கிலோஜூல் கிடைக்கும் என்பதால், தாளில் கணக்குப் போட்டால் 100 கிராம் கரி போதும் என்று வரும். உண்மையான சூளையில் இதைவிட மிக அதிகம் எரியும். கல்லை 900 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும், சூடான வாயு மேலே போய்க்கொண்டே இருக்கும், சுவர் வழியாகவும் கசியும். என்தால்பிக் கணக்கு சொல்வது இதற்குக் கீழே போக முடியாது என்ற எல்லையை மட்டும்தான்.

நீற்றிய சுண்ணாம்பைச் சாந்தாக்கிச் சுவரில் பூசுகிறோம். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது.

சுவர்: நீற்றிய சுண்ணாம்பு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்
= (−1206.9 − 285.8) − (−986.1 − 393.5)
= −113.1 கிலோஜூல்

மூன்றையும் கூட்டுங்கள். +178.3, −65.2, −113.1. விடை பூஜ்யம். கல்லில் தொடங்கிக் கல்லிலேயே வந்து நின்றோம், ஆகவே மொத்த மாற்றம் ஒன்றும் இல்லை. சூளையில் கொடுத்தது அத்தனையும் இரண்டு தவணையில் திரும்பி வந்துவிட்டது: தொட்டியில் ஒரு பங்கு, சுவரில் ஒரு பங்கு. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். புத்தகங்களில் கார்பன், கார்பன் மோனாக்சைடு என்று வரும் எடுத்துக்காட்டைவிட இது எளிதில் மனதில் நிற்கும்.

இதற்குப் பெயர் ஹெஸ் விதி. ஜெனீவாவில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் 1840-இல் இதை வெளியிட்டார். கந்தக அமிலத்தை நேரே அம்மோனியாவோடு நடுநிலையாக்கினாலும், முதலில் நீர் கலந்துவிட்டுப் பிறகு நடுநிலையாக்கினாலும் மொத்த வெப்பம் ஒன்றாகவே வருவதை அவர் அளந்து கண்டார். பழனி மலைக்குப் படியேறிப் போனாலும் விஞ்சில் போனாலும் ஏறிய உயரம் ஒன்றுதான். என்தால்பியும் அப்படி, தொடக்கமும் முடிவும்தான் கணக்கு.

சுண்ணாம்புக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது வெளியேறும் வாயுவை ஆராய்ந்த 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வேதியியலர் ஜோசப் பிளாக்தான் உள்ளுறை வெப்பம் (உருகும்போதும் ஆவியாகும்போதும் வெப்பநிலை ஏறாமலேயே உள்ளே போகும் வெப்பம்) என்ற கருத்தையும் தந்தவர்.

தவறும் இடங்கள்

நிலையை எழுத மறப்பது முதல் தவறு. நீருக்குத் திரவ நிலையில் −285.8, ஆவி நிலையில் −241.8. நீற்றும் வினைக்கு ஆவியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள்: −109.2 வரும். −65.2 எங்கே, இது எங்கே! அந்த 44 கிலோஜூல் வித்தியாசம் 1 மோல் நீரை ஆவியாக்கும் வெப்பம். சமன்பாடு எழுதும்போதே ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் திண்மமா, திரவமா, வாயுவா என்று குறித்துவிடுங்கள்.

வினையைத் திருப்பி எழுதினால் குறியும் திரும்ப வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், தேர்வு அவசரத்தில்தான் மறந்துபோகும்.

இன்னொன்று ஆழமான குழப்பம். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளியே வரும் என்று பலர் நம்புகிறார்கள். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436, குளோரின் பிணைப்பை உடைக்க 242, மொத்தச் செலவு 678. உருவாகும் இரண்டு பிணைப்புகளும் தருவது 431 வீதம் 862. நிகரம் −184 கிலோஜூல். செலவைவிட வரவு கூடுதல் என்பதால்தான் இது வெப்பம் உமிழ் வினை.

வெப்பம் உமிழும் வினைதான் தானாக நடக்கும் என்ற எண்ணத்துக்கு நீங்கள் கலக்கிய யூரியாவே மறுப்பு. வெப்பத்தை இழுத்துக்கொண்டுதான் அது கரைந்தது, யாரும் சூடேற்றவில்லை. மூலக்கூறுகள் பரவிக் கலப்பதால் கூடும் என்ட்ரோபி, அதாவது சிதறலின் அளவு, அங்கே முடிவு செய்கிறது. அதுபோல, என்தால்பி வேகத்தைப் பற்றியும் பேசாது. சுவரில் நடக்கும் வினை மோலுக்கு 113 கிலோஜூல் தருகிறது, தொட்டியில் நடப்பதைவிட அதிகம். ஆனாலும் சுண்ணாம்புச் சுவர் சுடுவதில்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகக் கொஞ்சம், அது பூச்சுக்குள் மெல்ல மெல்லத்தான் நுழைய முடியும். அந்த வெப்பம் மாதக்கணக்கில், தடித்த பூச்சானால் வருடக்கணக்கில் பரவிப்போகிறது.

நீங்களே போட ஒரு கணக்கு

மயில்துத்தம், அதாவது ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட காப்பர் சல்பேட், நீல நிறம். சூடேற்றி நீரை விரட்டினால் வெள்ளைப் பொடியாகும். வெள்ளைப் பொடியில் நீர் சேர்ந்து நீலப் படிகமாகும் வினையின் என்தால்பி எவ்வளவு? நேராக அளப்பது கடினம். ஐந்து மோல் நீரை மட்டும் எல்லாத் துகளுக்கும் சரியாகப் போய்ச் சேரும்படி கலக்க முடியாது, கொஞ்சம் கூடினாலும் கரையத் தொடங்கிவிடும்.

சுற்றிப் போகலாம். இரண்டையும் தனித்தனியே நிறைய நீரில் கரைத்து அளக்கிறார்கள். வெள்ளைப் பொடி கரையும்போது மோலுக்கு −66.5 கிலோஜூல், நீலப் படிகம் கரையும்போது +11.7 கிலோஜூல். இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒரே கரைசல். வெள்ளையிலிருந்து கரைசலுக்கு ஒரு கோடு, நீலத்திலிருந்து கரைசலுக்கு ஒரு கோடு, வெள்ளையிலிருந்து நீலத்துக்கு ஒரு கோடு என்று முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். நீலக் கோட்டைத் திருப்பி, குறியையும் மாற்றிக் கூட்டுங்கள். −78.2 கிலோஜூல் வந்தால் சரி. +54.8 வந்திருந்தால் வெள்ளைக் கோட்டையும் சேர்த்துத் திருப்பிவிட்டீர்கள். −54.8 வந்திருந்தால் நீலக் கோட்டின் குறியை மாற்றாமல் விட்டுவிட்டீர்கள்.